பச்சை விளக்கு எரியும்போதே நின்றுபோகும் திட்டங்கள்

2022 நவம்பர் 17 அன்று, ஆஸ்திரேலியப் பங்குச் சந்தை நிறுவனமான ஏ.எஸ்.எக்ஸ்., ஐந்து ஆண்டுகளாக உருவாக்கிவந்த ஒரு மென்பொருள் திட்டத்தை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. அதற்காகச் செலவழித்ததில் 245 முதல் 255 மில்லியன் டாலர் வரை நட்டக் கணக்கில் எழுதப்பட்டது. பழைய ‘செஸ்’ அமைப்புக்குப் பதிலாக வரவேண்டிய மென்பொருள் அது. யார் எந்தப் பங்கை விற்றார், யார் வாங்கினார், இப்போது அது யாருக்குச் சொந்தம் என்ற கணக்கையெல்லாம் 1994 முதல் செஸ்தான் வைத்திருக்கிறது. சிட்னியின் மேற்கே மெரிலேண்ட்ஸில் வசிக்கும் ஒருவர் தரகர் வழியாக நாலு பங்கு வாங்கினாலும், ‘எக்ஸ்’ என்ற எழுத்தில் தொடங்கும் உரிமையாளர் எண் அவருக்கு இந்த அமைப்பிலிருந்துதான் கிடைக்கிறது. பங்கே வாங்காதவரின் ஓய்வூதியச் சேமிப்பிலும் ஒரு பகுதி சூப்பர் நிதிகள் வழியாக இதே சந்தையில் போடப்பட்டிருக்கிறது.

பிளாக்செயின் தொழில்நுட்பத்தில் செஸ்ஸைப் புதிதாக எழுதப்போவதாக ஏ.எஸ்.எக்ஸ். 2017 டிசம்பரில் அறிவித்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. முதலில் 2021-இன் தொடக்கத்துக்குள் இயங்கும் என்றார்கள். பிறகு 2022 ஏப்ரல் என்றார்கள். பிறகு 2023 ஏப்ரல். 2022 பிப்ரவரியில்கூடத் திட்டம் குறித்த தேதியை நோக்கிச் சரியாகப் போகிறது என்று முதலீட்டாளர்களிடம் சொல்லப்பட்டது. ஒன்பது மாதத்தில் எல்லாம் நின்றது. அக்சென்ச்சர் நிறுவனம் செய்த தனி ஆய்வு, செயலி மென்பொருளில் 63 விழுக்காடுதான் அதுவரை ஒப்படைக்கப்பட்டிருந்தது என்றும், வடிவமைப்பிலேயே பெரிய சிக்கல்கள் இருந்தன என்றும் காட்டியது. அந்தப் பிப்ரவரி அறிவிப்பு முதலீட்டாளர்களைத் தவறாக வழிநடத்தியது என்று குற்றம்சாட்டி, நிறுவனங்களைக் கண்காணிக்கும் ஆணையமான ஏசிக் 2024 ஆகஸ்டில் வழக்குத் தொடுத்தது.

சட்டப்படி யார் சரி என்று சொல்வது நீதிமன்றத்தின் வேலை. மென்பொருள் எழுதுகிறவர்களும் எழுதுவிப்பவர்களும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி வேறு. திறமையும் பணமும் உள்ள ஒரு நிறுவனத்தில், வேலை எங்கே நிற்கிறது என்பது அறிக்கையில் தெரியாமல் போவது எப்படி? இதற்கு உளவியலும் புள்ளியியலும் நல்ல விடைகளை வைத்திருக்கின்றன. அந்த விடைகளைப் பயன்படுத்த ஏ.எஸ்.எக்ஸ். அளவு பெரிய நிறுவனமாக இருக்கத் தேவையில்லை. சிட்னியின் பாரமட்டாவிலோ சென்னைச் சிறுசேரியிலோ ஏழெட்டுப் பேர் சேர்ந்து வேலை செய்யும் ஒரு சிறு குழுவுக்கு அவை இன்னும் எளிதாகக் கைகொடுக்கும்.

எதை எண்ணுகிறோம்?

மென்பொருள் வேலையில் மிகவும் பழகிப்போன பதில், “தொண்ணூறு சதவீதம் முடிஞ்சுது.” அடுத்த வாரமும் அதே தொண்ணூறுதான். அதற்கடுத்த வாரமும் அதே. சொல்பவர் பொய் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்த வேலையில் தொண்ணூறு பங்கை அவர் முடித்திருக்கிறார். தெரியாத வேலை இனிமேல்தான் வெளிவரும்: மற்றக் குழுவின் மென்பொருளோடு இணைக்கும்போது, உண்மையான தரவை உள்ளே விடும்போது, ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் நுழையும்போது. பாதி கட்டிய சுவரை நாடாவால் அளக்கலாம். பாதி எழுதிய நிரலை அப்படி அளக்க முடியாது.

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்ட் என்ற பனிமலை விடுதியில் 17 மென்பொருள் வல்லுநர்கள் கூடி ‘அஜைல்’ பிரகடனத்தை எழுதினார்கள். அதனுடன் சேர்த்து வைத்த கோட்பாடுகளில் ஒன்று, முன்னேற்றத்தை முதன்மையாக அளக்க வேண்டியது இயங்கும் மென்பொருளைக் கொண்டுதான் என்பது. இது கேட்க எளிது, நடைமுறையில் கடுமையானது. இதன்படி ஒரு வேலை முடிந்திருக்கும் அல்லது முடியாமலிருக்கும். நடுவில் சதவீதமே கிடையாது. ‘முடிந்தது’ என்றால் எழுதி, சோதித்து, மற்றவற்றோடு இணைத்து, பயனர் தொட்டுப் பார்க்கும் நிலைக்கு வந்தது என்று குழு முன்கூட்டியே எழுத்தில் ஒத்துக்கொள்ள வேண்டும். அப்படிச் செய்தால் பெரிய வேலையைச் சில நாளில் முடியும் துண்டுகளாக வெட்ட வேண்டிய கட்டாயம் தானாகவே வருகிறது. பத்துத் துண்டில் ஆறு முடிந்தால் ஆறு என்று எழுதலாம், அந்த எண்ணை யாரும் சரிபார்க்கலாம்.

துண்டு துண்டாகக் கொடுப்பதன் பலனை மெரிலேண்ட்ஸ் ரயில் நிலையத்தில் அன்றாடம் அட்டையைத் தட்டி உள்ளே போகிறவர்கள் அனுபவிக்கிறார்கள். சிட்னிக்கு ஒரே பயண அட்டை கொண்டுவரும் ‘டி-கார்ட்’ திட்டம் 2000 ஒலிம்பிக்கை மனத்தில் வைத்துத் தொடங்கப்பட்டது. ஒலிம்பிக் வந்தது, போனது. அட்டை வரவேயில்லை. 2008 ஜனவரியில் நியூ சவுத் வேல்ஸ் அரசு ஒப்பந்தத்தையே முறித்துக்கொண்டது. அதன்பின் வந்த ‘ஓபல்’ 2012 டிசம்பரில் நியூட்ரல் பே படகு வழி ஒன்றில் மட்டும் சோதனையாகத் தொடங்கியது. அடுத்த ஆண்டு ரயிலில் சில தடங்களுக்கு வந்தது. 2014-இல் மற்ற ரயில் நிலையங்களுக்கும் பேருந்துகளுக்கும் பரவியது. ஓபலின் மென்பொருள் எந்த முறையில் எழுதப்பட்டது என்பது இங்கே முக்கியமில்லை. ஒரு படகில் உண்மையான பயணிகள் தட்டிய அட்டை, ஆயிரம் பக்க அறிக்கையைவிட அதிகம் சொல்லியிருக்கும்.

மனம் போடும் கணக்கு

சரியாக எண்ணினாலும் தேதி சொல்வதில் நாம் ஏன் தவறுகிறோம்? டேனியல் கானமனும் ஏமாஸ் ட்வர்ஸ்கியும் 1979-இல் இதற்குத் ‘திட்டமிடல் பிழை’ என்று பெயர் வைத்தார்கள். ஒரு வேலை எவ்வளவு நாள் எடுக்கும் என்று கேட்டால், மனம் அந்த வேலையின் படிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டிப் பார்க்கிறது. அந்த ஓட்டத்தில் குழந்தைக்குக் காய்ச்சல் வருவதில்லை, சர்வர் படுத்துவிடுவதில்லை, வாடிக்கையாளர் மனம் மாறுவதில்லை. இதே மாதிரி வேலைகள் முன்பு எவ்வளவு நாள் எடுத்தன என்ற நினைவு கையிலேயே இருந்தும் மனம் அதைத் தேடிப் போவதில்லை.

ரோஜர் பியூலர், டேல் கிரிஃபின், மைக்கேல் ராஸ் ஆகியோர் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், பட்ட ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரிக் கணிப்பு சுமார் 34 நாள். உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல். இன்னும் வியப்பானது, எல்லாமே கெட்டுப்போனால் எத்தனை நாள் ஆகும் என்று கேட்டதற்கு அவர்கள் சொன்ன சராசரி சுமார் 49 நாள். நடப்பு அதையும் தாண்டியது. சிட்னிக்காரர்களுக்கு இதன் பெரிய சாட்சி துறைமுகத்தில் நிற்கிறது. ஓபரா ஹவுஸ் 70 இலட்சம் டாலரில் 1963-இல் முடியும் என்று கணித்தார்கள். முடிந்தது 1973-இல், செலவு 10 கோடியே 20 இலட்சம் டாலர்.

அதிகமாக யோசித்து மதிப்பிடச் சொல்வதால் இந்தப் பிழை தீராது. நுணுக்கமாகக் கற்பனை செய்யும்போது நம்பிக்கைதான் கூடக்கூடும். கற்பனையை ஒதுக்கிவிட்டுக் கடந்தகாலப் பதிவை எடுத்துப் பார்ப்பதே மருந்து. அந்தப் பதிவு இப்போது ஏறத்தாழ எல்லாக் குழுவிடமும் இருக்கிறது. 2002-இல் சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகப் பட்டதாரிகள் இருவர் தொடங்கிய அட்லாசியன் நிறுவனத்தின் ‘ஜிரா’ என்ற வேலைப்பதிவு மென்பொருளை இன்று உலகெங்கும் குழுக்கள் பயன்படுத்துகின்றன. ‘டிக்கெட்’ எனப்படும் ஒவ்வொரு வேலைக்குறிப்பும் எந்த நாளில் தொடங்கியது, எந்த நாளில் முடிந்தது என்று அது குறித்துவைக்கிறது. அந்தக் குறிப்பைத் திறந்து பார்க்காமலே ‘ஸ்பிரின்ட்’ எனப்படும் அடுத்த குறுகிய வேலைச்சுற்றுக்கு நினைவிலிருந்து எண் சொல்வதுதான் பெரிய வீணடிப்பு.

புள்ளிகள் இலக்கானால்

பல குழுக்கள் வேலையை நாளில் மதிப்பிடாமல் ‘ஸ்டோரி பாயின்ட்’ என்ற ஒப்பீட்டு எண்ணில் மதிப்பிடுகின்றன. ஆளுக்கொரு சீட்டுக்கட்டு, 1, 2, 3, 5, 8, 13 என்று எண்கள். ஒரு வேலையை விளக்கியதும் எல்லாரும் ஒரே நேரத்தில் சீட்டைக் காட்ட வேண்டும். ஜேம்ஸ் கிரென்னிங் 2002-இல் வகுத்த முறை இது. ஒரே நேரத்தில் காட்டுவதற்குக் காரணம் உண்டு. மூத்தவர் முதலில் ஓர் எண்ணைச் சொல்லிவிட்டால் மற்றவர்களின் எண்ணும் அதை ஒட்டியே நகரும். ஒருவர் 3 காட்ட, இன்னொருவர் 13 காட்டினால், அங்கேதான் பயன் பிறக்கிறது. 13 காட்டியவருக்கு மற்றவர்கள் அறியாத ஏதோ ஒன்று தெரிந்திருக்கிறது. புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவர் அதைக் காட்டியிருந்தாலும் அவரைப் பேசவிட்டுக் கேட்க வேண்டும்.

இந்தப் புள்ளிகள் குழுவின் உள்பேச்சுக்கானவை. அவற்றை மேலிடம் எடுத்து ‘வேகம்’ என்று அளக்கத் தொடங்கினால் அளவுகோல் கெட்டுவிடுகிறது. ஒரு ஸ்பிரின்ட்டில் 30 புள்ளி முடித்த குழுவிடம் அடுத்த காலாண்டில் 36 வேண்டும் என்று கேட்டுப்பாருங்கள், 36 வந்துவிடும். நேற்று 5 என்று மதிக்கப்பட்ட வேலை இன்று 8 ஆகியிருக்கும், அவ்வளவுதான். இதைப் பொருளியல் முன்பே கண்டறிந்தது. 1975-இல் ஆஸ்திரேலிய ரிசர்வ் வங்கிக்காக எழுதிய ஆய்வுரையில் பிரிட்டிஷ் பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட் சொன்னதே பிற்காலத்தில் குட்ஹார்ட் விதி என்று பெயர் பெற்றது. ஓர் அளவை ஆட்களைக் கட்டுப்படுத்தும் கருவியாக்கினால், அது அளந்துகொண்டிருந்த உறவே குலைந்துபோகும் என்பது அதன் சாரம். இரண்டு குழுக்களின் புள்ளிகளை ஒப்பிடும் அறிக்கையை இன்றே நிறுத்திவிடலாம். அதனால் யாருக்கும் இழப்பில்லை.

தேதிக்குப் பதில் வாய்ப்பு

அப்படியானால் எப்போது முடியும் என்ற கேள்விக்கு என்ன சொல்வது? இங்கேதான் புள்ளியியல் அழகாக உதவுகிறது. விளக்கத்துக்காக ஒரு குழுவைக் கற்பனை செய்வோம். கடந்த பத்து வாரங்களில் அது முடித்த வேலைகள் முறையே 3, 5, 2, 6, 4, 1, 5, 4, 3, 5. மொத்தம் 38, வாரத்துக்குச் சராசரி 3.8. இன்னும் 40 வேலை மீதி. வழக்கமான கணக்கு, 40-ஐ 3.8-ஆல் வகுத்துப் பத்தரை வாரம் என்று சொல்லும். மேலாளர் அதைப் பத்து வாரமாக்கி வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுவார்.

இதற்குப் பதிலாக, அந்தப் பத்து எண்களையும் பத்துச் சீட்டில் எழுதிக் குலுக்குங்கள். ஒரு சீட்டை எடுத்து எண்ணைக் குறித்துக்கொண்டு திரும்பப் போடுங்கள். கூட்டுத்தொகை 40-ஐ எட்டும்வரை எடுத்தால், எத்தனை முறை எடுத்தீர்களோ அத்தனை வாரத்தில் திட்டம் முடிந்த ஒரு கற்பனை எதிர்காலம் கிடைக்கும். இதை ஆயிரம் முறை செய்தால் ஆயிரம் எதிர்காலங்கள். கணினி ஒரு நொடியில் செய்துவிடும், எக்செல் போதும். 1946-இல் நோயிலிருந்து தேறிக்கொண்டிருந்த கணிதவியலாளர் ஸ்டானிஸ்லா உலாமுக்குத் தனியாகச் சீட்டாடியபோது தோன்றிய எண்ணத்திலிருந்து உருவான ‘மான்டி கார்லோ’ முறைதான் இது. லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் அணுக்கருத் துகள்களின் போக்கைக் கணிக்க அது முதலில் பயன்பட்டது.

நமது குழுவுக்குக் கணக்குப் போட்டால், 10 வாரத்தில் முடிய வாய்ப்பு சுமார் 37 விழுக்காடு. 11 வாரத்தில் சுமார் 68. 12 வாரத்தில் சுமார் 88. எல்லாரும் நம்பிய அந்தப் பத்து வாரம், முடிவதைவிட முடியாமல் போகவே அதிக வாய்ப்புள்ள தேதி. இன்னொன்றையும் சேர்ப்போம். வாரத்துக்கு ஒரு புது வேலை மட்டும் உள்ளே வருகிறது என்று வையுங்கள். உண்மையில் அதைவிட அதிகமாகவே வரும். அப்போது 14 வாரத்தில்கூடப் பாதி வாய்ப்புதான். தொண்ணூறு விழுக்காடு நம்பிக்கை வேண்டுமென்றால் 17 வாரம் ஆகும். யாரும் சோம்பேறியாகவில்லை, யாரும் தவறு செய்யவில்லை, தேதி மட்டும் ஏழு வாரம் தள்ளிப்போகிறது.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. எதிர்காலம் கடந்தகாலத்தைப் போல இருக்கும் என்று அது எடுத்துக்கொள்கிறது. இருவர் குழுவை விட்டுப் போனாலோ, வேலைகளின் அளவு ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபட்டாலோ கணக்குப் பிசகும். அதனால் ஒருமுறை போட்டு மூடிவைக்காமல் வாராவாரம் புதிய எண்ணைச் சேர்த்துத் திரும்பப் போட வேண்டும். 88 விழுக்காடு 80 ஆகி, 70 ஆகி இறங்கத் தொடங்கினால் சில வாரங்களுக்கு முன்பே அது கண்ணில் படும். முன்னேற்ற அறிக்கையின் பயனே இதுதான்: இன்னும் முடிவெடுக்க நேரம் இருக்கும்போதே சொல்வது.

கையில் எத்தனை வேலை?

தேதி தள்ளிப்போகிறது என்று தெரிந்ததும் பெரும்பாலான மேலாளர்கள் செய்வது, எல்லா வேலையையும் ஒரே நேரத்தில் தொடங்கச் சொல்வது. அது நிலைமையை மோசமாக்கும். பிற்காலத்தில் எம்.ஐ.டி. பேராசிரியரான ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்து வெளியிட்ட விதி ஒன்று உண்டு. ஓர் அமைப்புக்குள் ஒரு வேலை தங்கும் சராசரி நேரம், உள்ளே இருக்கும் வேலைகளின் எண்ணிக்கையை அவை முடிந்து வெளியேறும் வேகத்தால் வகுத்தால் கிடைக்கும். வாரத்துக்கு 4 வேலை முடிக்கும் குழு 24 வேலையைத் திறந்து வைத்திருந்தால், ஒவ்வொன்றும் முடியச் சராசரி 6 வாரம். எட்டை மட்டும் திறந்து வைத்தால் 2 வாரம். ஆள் கூட்டவில்லை, கூடுதல் நேரம் உழைக்கவில்லை, தொடங்குவதை மட்டும் குறைத்தோம்.

இரண்டு வாரத்தில் வெளிவந்த வேலையைப் பயனர் பார்த்துவிட்டு, இது நான் கேட்டது இல்லை என்று சொன்னால் திருத்துவது எளிது. ஆறு வாரம் கழித்துச் சொன்னால் அதன்மேல் வேறு பல வேலைகள் கட்டப்பட்டிருக்கும். ஆகவே, அறிக்கையில் எத்தனை முடிந்தன என்பதோடு எத்தனை திறந்து கிடக்கின்றன, அவற்றில் மிகப் பழையது எத்தனை நாளாகக் கிடக்கிறது என்பதும் இருக்க வேண்டும். முப்பது நாளாக நகராமல் கிடக்கும் ஒரு டிக்கெட் திட்டத்தின் நோயை வேறு எதையும்விட முன்னதாகச் சொல்லும்.

கெட்ட செய்தி ஏன் மேலே ஏறுவதில்லை

கணக்கெல்லாம் சரியாக இருந்தும் ஏமாற்றும் அறிக்கைகள் உண்டு. அவற்றுக்கு ஐ.டி. துறையில் வைத்திருக்கும் பட்டப்பெயர் தர்பூசணி. வெளியே பச்சை, உள்ளே சிவப்பு. டெவலப்பருக்குத் தெரிந்த சிவப்பு, குழுத்தலைவரிடம் மஞ்சளாகிறது, இயக்குநரிடம் போகும்போது பச்சையாகிவிடுகிறது. சிட்னி ரோசன், ஏப்ரகாம் டெஸ்ஸர் என்ற உளவியலாளர்கள் 1970-இல் இதன் வேரை ஆராய்ந்தார்கள். தான் காரணமே இல்லாத கெட்ட செய்தியைக்கூடச் சொல்ல மனிதர்கள் தயங்குகிறார்கள் என்பது அவர்கள் கண்டது. மார்க் கீல் முதலிய ஆய்வாளர்கள் பிற்பாடு மென்பொருள் திட்டங்களிலும் அதே மௌனத்தைக் கண்டார்கள்.

நம்மவர்களிடம் இந்தத் தயக்கத்துக்குக் கூடுதல் காரணங்கள் உண்டு. பெரியவரிடம் முடியாது என்று சொல்வது மரியாதைக் குறைவு என்றே நாம் வளர்க்கப்பட்டிருக்கிறோம். அதைவிடக் கனமானது விசா. முதலாளியின் ஆதரவில் கிடைக்கும் 482 வகை விசாவில் மெரிலேண்ட்ஸிலோ வென்ட்வர்த்வில்லிலோ வாடகை வீட்டில் குடும்பத்தோடு இருக்கும் ஒருவருக்கு, வேலை போவது என்பது நாட்டில் தங்கும் உரிமையே ஆட்டம் காண்பது. அவரிடம் போய், எல்லாம் சரியாகப் போகிறதா என்று பத்துப் பேர் முன்னால் கேட்டால், சரி என்றுதான் சொல்வார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அந்தக் கேள்வியை அப்படிக் கேட்டவர்தான் மாற வேண்டும்.

மாற முடியும் என்பதற்குச் சான்றும் இருக்கிறது. ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக நடத்தப்படும் குழுக்களில்தான் மருந்துத் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. அவர்கள் அதிகம் தவறு செய்தார்கள் என்று அதற்குப் பொருள் கிடையாது. தவறை மறைக்காமல் பேசும் சூழல் அங்கே இருந்தது. மென்பொருளிலும் சிவப்பே காட்டாத குழுவைக் கண்டு மகிழாமல் கவலைப்பட வேண்டும். தினசரி ஸ்டாண்ட்-அப் கூட்டத்தில், நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், தடை என்ன என்று ஒவ்வொருவரும் ஒப்பிக்கும் மூன்று கேள்விகளை, ‘ஸ்க்ரம்’ என்ற அஜைல் முறையின் வழிகாட்டி 2020 பதிப்பிலேயே நீக்கிவிட்டது. அந்தக் கூட்டம் குழு தன் அடுத்த நாளைத் திட்டமிடுவதற்கானது. மேலாளருக்கு ஆஜர் சொல்வதற்கு அதைப் பயன்படுத்தக் கூடாது.

ஏ.எஸ்.எக்ஸ். 2023 நவம்பரில், புதிய செஸ்ஸுக்கு டி.சி.எஸ். நிறுவனத்தின் மென்பொருளைத் தேர்ந்தெடுத்தது. இம்முறை எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றும் எண்ணம் இல்லை. முதலில் ஒரு பகுதி, சில ஆண்டுகள் கழித்து மற்றது என்று இரண்டு கட்டமாகப் பிரித்துக்கொண்டார்கள். விலை கொடுத்து வாங்கிய பாடம் அது.

அந்த விலையை நீங்கள் கொடுக்கத் தேவையில்லை. குழுவை நடத்துபவராக இருந்தால், அடுத்த ஸ்பிரின்ட் முதல் உங்கள் அறிக்கையை நான்கு வரியில் எழுதுங்கள்: பயனர் கைக்குப் போனவை எத்தனை, மீதி எத்தனை, இந்த வாரம் புதிதாக நுழைந்தவை எத்தனை, சொன்ன தேதியில் முடிய வாய்ப்பு எவ்வளவு. அதன்பின் குழுவிடம், எது சரியாகப் போகவில்லை என்று தனித்தனியாகக் கேளுங்கள். முதலில் உண்மையைச் சொன்னவருக்கு எல்லார் முன்னாலும் நன்றி சொல்லுங்கள். குழுவில் வேலை செய்பவராக இருந்தால், கெட்ட செய்தியை எண்ணோடும் தேதியோடும் சீக்கிரம் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்கு முன் சொன்ன தாமதத்துக்கு வழி உண்டு. வெளியீட்டுக்கு முந்தின நாள் சொல்லும் தாமதத்துக்கு யாரிடமும் வழி இல்லை.